விற்காத வாரத்தில் போன லாரி

விற்பனை நிறுத்தம் நடந்த அந்த எட்டு நாளில் யாரோ ஒரு லாரி கோதுமையை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு, சான் எவுலோகியோ ஊரின் பேக்கரியில்தான் முதலில் கிளம்பியது. கோதுமை பற்றிய வதந்தி அங்கே கிளம்பாமல் கசாப்புக் கடையிலா கிளம்பும்? காலை ஏழு மணிக்கு ரொட்டி வாங்கப் போனவர்கள் ஏழேகாலுக்குச் செய்தியோடு திரும்பினார்கள். ஒன்பது மணிக்கு லாரி இரண்டாகியிருந்தது. மதியத் தூக்கத்துக்கு ஊர் கதவடைப்பதற்குள் அது ஐந்தாகி, அதில் ஒன்று நெடுஞ்சாலையில் கவிழ்ந்தும் விட்டது.

'லா கன்ஸ்டான்சியா' கோதுமை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் இதைச் சும்மா விடுவதாக இல்லை. விடவும் முடியாது. அறுவடை முடிந்த கையோடு துறைமுகத்து ஏற்றுமதிக்காரர்கள் எல்லோரும் ஒரே நாள் காலையில், ஒருவரை ஒருவர் கலந்து பேசாமலே, ஒரே அளவு விலையைக் குறைத்திருந்தார்கள். போதாததற்கு, சங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் முதல் தரமாக இருந்த கோதுமை துறைமுகத்தை எட்டும்போது இரண்டாம் தரமாகிவிடும். இருநூறு கிலோமீட்டர் பயணம் கோதுமையைக் களைப்படையச் செய்கிறது போலும். பொறுத்துப் பார்த்துவிட்டு மாகாணத்தின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து முடிவெடுத்தன: எட்டு நாளைக்கு ஒருவரும் ஒரு மணி கோதுமைகூட விற்பதில்லை. அந்த எட்டு நாளில் ஒரு லாரி போயிருந்தால், அது லாரி இல்லை, ஓட்டை.

ஆகவே விசாரிக்க ஒரு நேர்மையான ஆள் தேவைப்பட்டார். சங்கத்தில் நேர்மை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே பெயர்தான்: எவரிஸ்தோ லாரால்தே. அவருடைய தாத்தா சங்கத்தைத் தொடங்கிய பதினோரு பேரில் ஒருவர். எவரிஸ்தோ பன்னிரண்டு வருஷமாகச் சங்கத்தின் பிரதிநிதி. விற்பனை நிறுத்தத் தீர்மானத்தின் வாசகமே அவர் கைப்பட எழுதியது. நிர்வாகக் குழுவில் அவர் பெயரை முன்மொழிந்தபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. எவரிஸ்தோவின் கையும் உயர்ந்தது. தனக்குத் தானே ஓட்டுப் போடுவது அவர் வழக்கமில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் கையைக் கீழே வைத்திருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஏனென்றால் அந்த லாரிக் கோதுமை அவருடையது.

லாரிகள் ஐந்தல்ல, ஒன்றே ஒன்று. அது கவிழவும் இல்லை. அது போன நாளும் நேரமும் ஏற்றிய எடையும் அவருக்குத் தெரியும். உலகத்தில் எந்த விசாரணை அதிகாரிக்கும் இவ்வளவு வசதி வாய்த்திருக்காது.

காரணம் பல். அறுவடை முடிந்த விருந்தில் எவரிஸ்தோ ஆட்டு விலா எலும்போடு மல்லுக்கு நின்று முன்பற்கள் இரண்டை இழந்தார். வேறு சமயமாக இருந்தால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். விவசாயியின் வாயை யார் பார்க்கிறார்கள்? ஆனால் நிறுத்தத்தின் ஆறாவது நாள் அவர் மாகாணத் தலைநகரில், அமைச்சக அதிகாரிகள் முன்னால், நாற்பது சங்கங்களின் சார்பில் பேச வேண்டியிருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அவர் மனைவி நெலிதா கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ 'சங்கம்'னு சொல்றப்ப எல்லாம் ரயில் கிளம்புற மாதிரி இருக்கு கிழவா," என்றாள். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க பெட்டி படுக்கையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சிடுவாங்க."

நகரத்துப் பல் வைத்தியர் முன்பணம் கேட்டார். நிறுத்தத்தின் ஐந்தாம் நாள்தான் நேரம் கொடுத்தார். எவரிஸ்தோவிடம் இருந்ததெல்லாம் கோதுமை. அவசரத்துக்குச் சங்கத்தில் முன்பணம் வாங்கலாம், அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது. டிராக்டர் என்ஜினுக்கு வாங்கியிருக்கிறார்கள், பிரசவத்துக்கு வாங்கியிருக்கிறார்கள், ஒருவர் மாமியாரை ஊருக்கு அனுப்பவே வாங்கியிருக்கிறார். ஆனால் காரணத்தைத் தாளில் எழுத வேண்டும். அதைச் செயலர் நிர்வாகக் குழுவில் உரக்கப் படிப்பார். 'உறுப்பினர் லாரால்தே: முன்பல் இரண்டு' என்று படிக்கப்படுவதை எவரிஸ்தோவின் காது இப்போதே கேட்டது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வயதில் வரும் வெட்கம் இருபதில் வருவதைவிட மோசமானது.

நான்காம் நாள், வியாழக்கிழமை, ஊரே மதியம் தூங்கும் நேரத்தில், வயலில் கோதுமை அடைத்துக் கிடந்த நீளமான பிளாஸ்டிக் பையைக் கிழித்துப் பக்கத்து ஊர்த் தானிய வியாபாரியின் லாரியை நிரப்பினார். பையிலிருந்து லாரிக்குத் தானியத்தை எடுத்துப் போக ஒரு தொட்டிவண்டி வேண்டும். அவருடையது அச்சு முறிந்து கிடந்தது. அதனால் பக்கத்து நிலத்துக்காரர் காஸ்பார் டியெட்ஸிடம் முந்தின நாளே இரவல் வாங்கி வைத்திருந்தார். காஸ்பார் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் எதையுமே கேட்காதவர்.

இரண்டு நாள் கழித்து எவரிஸ்தோ புதுப் பற்களோடு தலைநகரில் பேசினார். அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஒரு விவசாயி சங்கத்தை ஏமாற்றிவிட்டுத் தனியாக விற்றால் அவன் விற்பது தன் கோதுமையை அல்ல, அடுத்தவன் விலையை என்று சொன்னபோது அதிகாரிகளே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேசையைத் தட்டினார். குரல் நடுங்கியது. அது கோபத்தில் நடுங்குகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில், தரத்தில் தகராறு வந்தால் சங்கத்தின் பரிசோதனைச் சீட்டையும் துறைமுகம் ஏற்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். ஊர் எல்லையில் கார் ஹாரன்களோடு வரவேற்பு. அன்று அவர் சிரித்த சிரிப்பில் மாகாணமே பளிச்சென்று தெரிந்தது.

அவ்வளவோடு போயிருந்தால் இது ஒரு வெற்றிக் கதை.

விசாரணை ஆரம்பித்து மூன்று நாள் எவரிஸ்தோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனார். போன இடத்திலெல்லாம் சுரைக்குடுக்கையில் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தார்கள், உறிஞ்சிக்கொண்டே கேள்வி கேட்டார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதற்காக அவர் மனதுக்குள் நன்றி சொன்னார். நோட்டில் 'தகவல் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். வீட்டில் மட்டும் நிம்மதியில்லை. நெலிதாவுக்கு எல்லாம் தெரியும். அவள் காட்டிக் கொடுக்கிறவள் இல்லை. ஆனால் சும்மா இருக்கிறவளும் இல்லை.

"விசாரணை எதுவரைக்கும் வந்திருக்கு, துப்பறிவாளரே?" என்று கேட்டபடி சூப் தட்டை வைத்தாள்.

"நடக்குது."

"எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. குற்றவாளி நம்ம வீட்டுலயே மூணு வேளையும் சாப்பிடுறான்னு ஒரு பேச்சு."

அவர் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றார். புதுப் பல்லால் கடிக்க மனம் வரவில்லை.

விசாரணையின் நான்காம் நாள் சங்கத் தலைவி ஒட்டிலியா பைகோரியா ஆள் விட்டு அழைத்தார். ஒட்டிலியா, கணவர் இறந்தபின் அறுநூறு ஏக்கரைத் தனியாக விதைத்து, இரண்டு வங்கி மேலாளர்களை ஊர் மாற்றலில் அனுப்பியவர். துப்புக் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். தானிய வியாபாரியின் கிடங்கில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறவன், பக்கத்து ஊர் மதுக்கடையில் உளறியிருக்கிறான்: நிறுத்த வாரத்தில் வந்த அந்த லாரியில் ஒரு குத்தில் திரேபோல் வாசனை அடித்ததாம்.

எவரிஸ்தோவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தார்.

திரேபோல் என்பது மஞ்சளாகப் பூக்கும் ஒரு களை. அதன் நாலு விதை கோதுமையோடு கலந்தால் போதும், அரைத்த மாவில் செய்த ரொட்டியில்கூட வெயிலில் காய்ந்த வைக்கோல் மாதிரி ஓர் இனிப்பு மணம் ஏறிவிடும். மில்காரர்கள் முகத்தைச் சுளித்து விலையைப் பாதியாக்குவார்கள். சான் எவுலோகியோவைச் சுற்றி அந்தக் களை மண்டிக் கிடப்பது ஒரே ஒரு பள்ளமான நிலத்தில். காஸ்பார் டியெட்ஸின் நிலத்தில்.

"மூக்கு இருக்கிற எவனுக்கும் இது போதும்," என்றார் ஒட்டிலியா. "ஞாயித்துக்கிழமை பேரவை. நீ அறிக்கையைப் படி. நான் தீர்மானத்தைத் தயாரா வச்சிருக்கேன்."

என்ன தீர்மானம் என்று எவரிஸ்தோ கேட்டார், தெரிந்துகொண்டே. சங்கத்திலிருந்து நீக்கம் என்றார் ஒட்டிலியா, குரலை உயர்த்தாமல்.

நீக்கம் என்றால் காஸ்பாருக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த இருவருக்குமே தெரியும். வருஷா வருஷம் அவருடைய வாசனைக் கோதுமையைச் சங்கம் வாங்கி, இருநூறு பேருடைய சுத்தமான கோதுமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மணம் தெரியாமல் கரைத்து, எல்லோருக்கும் கொடுக்கும் விலையையே அவருக்கும் கொடுக்கிறது. ஒருவன் தனியாகப் போனால் தோற்கிற இடத்தில் எல்லோருமாகப் போனால் ஜெயிக்கலாம் என்று எவரிஸ்தோ மேடையில் அடிக்கடி சொல்வாரே, அதற்கு எடுத்துக்காட்டு காஸ்பார்தான். சங்கத்துக்கு வெளியே அந்தக் கோதுமை மாட்டுத் தீவனம். இரண்டு அறுவடையில் நிலம் கைமாறிவிடும்.

வாசனை எங்கிருந்து வந்தது என்று எவரிஸ்தோ யோசிக்கத் தேவையிருக்கவில்லை. இரவல் தொட்டிவண்டி வந்தால் முதலில் அதன் மூலைகளைப் பெருக்கிவிட்டுத்தான் தன் தானியத்தைக் கொட்ட வேண்டும். அங்கே நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். அந்த வியாழக்கிழமை அவர் அவசரத்தில் பெருக்கவில்லை. காஸ்பாரின் மிச்சம் மீதி அடியில் கிடந்தது, அவருடைய கோதுமையோடு கலந்து லாரி ஏறிவிட்டது.

மறுநாள் காஸ்பார் வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்தால் நோட்டில் ஒரு வீடு விட்டுப்போகும். காஸ்பார் ஜெர்மன் வம்சம். கொள்ளுத்தாத்தா ரஷ்யா வழியாக வந்ததால் ஊரில் அவரை எல்லோரும் ரஷ்யா என்றே கூப்பிடுவார்கள். எவரிஸ்தோ பாஸ்க் வம்சம்; பாஸ்க்காரர்களை அங்கே வாஸ்கோ என்பார்கள், அதனால் அவர் வாஸ்கோ. இரண்டு பேரும் ஒருவர் வேலியை மற்றவர் முப்பது வருஷமாகப் பழுது பார்த்தவர்கள்.

காஸ்பார் மாத்தே ஊற்றினார். ஊர் என்ன பேசுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் மழை வருமா வராதா என்று கொஞ்ச நேரம் பேசினார், முட்டி வலியைப் பற்றிப் பேசினார். எவரிஸ்தோ நோட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"ரஷ்யா, அந்த வாரம் நீ..."

"வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்து விட்டியே," என்றார் காஸ்பார், குடுக்கையில் வெந்நீர் ஊற்றியபடி. "முப்பது வருஷமா வாங்கிட்டுப் போற. வாங்குறப்ப பெருக்குவ, திருப்புறப்ப அப்படியே விடுவ. இந்தத் தடவை மூலை முடுக்கெல்லாம் பெருக்கித் தண்ணி ஊத்திக் கழுவி விட்டிருந்த. என் பொண்டாட்டி பார்த்துட்டு, வாஸ்கோவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையான்னு கேட்டா."

எவரிஸ்தோ குடுக்கையை வாங்கி உறிஞ்சினார். நாக்கு சுட்டது. இது சொல்லிவிட வேண்டிய நேரம். வாயைத் திறந்தார், வந்தது நன்றி மட்டும்தான். குடுக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். வாசலில் காஸ்பார் வழக்கம்போல் தோளைத் தட்டினார். நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் நூற்றெண்பது பேர் கூடினார்கள். ஜனவரிக் கோடை வெயிலில் தகரக் கூரை சூடேறிச் சடசடத்துக்கொண்டிருந்தது. லா கன்ஸ்டான்சியாவில் ஒரு வழக்கம் உண்டு: பேரவையில் எழுந்து கேள்வி கேட்டவர், பதில் வரும்வரை உட்காரமாட்டார். நிர்வாகக் குழு மழுப்பாமல் இருப்பதற்காகச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் செய்த ஏற்பாடு. நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம்தான் மழுப்ப முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். எவரிஸ்தோவின் தாத்தாவும் நம்பினார். பேரனை அவர் பார்த்ததில்லை.

கூட்டம் ஆரம்பித்ததும் காஸ்பார் எழுந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என் லாரி போச்சுங்கறாங்க. எந்த நாள், எத்தனை மணிக்குப் போச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

அவ்வளவுதான். யாரிடம் வண்டியை இரவல் கொடுத்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல ஒரு வாக்கியம் போதும். எவரிஸ்தோ அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். வந்திருந்தால் ஏறக்குறைய நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். வரவில்லை.

விசாரணை அதிகாரி பதில் சொல்வார் என்றார் ஒட்டிலியா. எவரிஸ்தோ மேடையேறி அறிக்கையைப் படித்தார். பதினோரு பக்கம். விலை எப்போது குறைந்தது, நிறுத்தம் ஏன் தேவைப்பட்டது, எத்தனை சங்கங்கள் கலந்துகொண்டன, தலைநகரில் என்ன கிடைத்தது. யாரும் கேட்காத இடங்களில் புள்ளிவிவரம் கொடுத்தார். ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார், யாரும் கவனிக்கவில்லை. காஸ்பார் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டு நின்றார். கெட்ட முட்டி இடது பக்கம் என்று எவரிஸ்தோவுக்குத் தெரியும். நாற்பது நிமிஷம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. பின்வரிசையில் யாரோ, "ரஷ்யாவுக்கு ஒரு நாற்காலியாவது குடுங்கய்யா," என்றார். பதில் வரட்டும் என்றார் காஸ்பார்.

பக்கங்கள் தீர்ந்துவிட்டன.

"வியாழக்கிழமை," என்றார் எவரிஸ்தோ. "மத்தியானம் ரெண்டேகால்."

ஒட்டிலியா கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

"நான்தான் ஏத்தினேன். கோதுமை என்னோடது. வண்டி அவரோடது, நான் பெருக்காம விட்டுட்டேன்."

காஸ்பார் உட்கார்ந்தார். தொப்பியை முட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

இதற்குப் பின் நடந்ததை எவரிஸ்தோ எதிர்பார்க்கவில்லை. கொட்டகை நம்பவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஒருவர் எழுந்து, நண்பனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று சொன்னார். கைதட்டல். எவரிஸ்தோ கைகளை ஆட்டி நிறுத்தச் சொன்னார்; அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசியில் அவர் மேடையின் விளிம்புவரை வந்து, உதட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, முன்பற்களைக் காட்டினார்.

"இதுதான் அந்தக் கோதுமை," என்றார். "இதோ இருக்கு. நீங்க கைதட்டின பேச்சை இதை வச்சுத்தான் பேசினேன்."

அப்போதுதான் கொட்டகை அடங்கியது. தகரக் கூரை மட்டும் சடசடத்தது. பெண்கள் பக்கத்தில் நெலிதா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விவாதம் கால்மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிரதிநிதி பதவி இல்லை, ஆறு மாதம் ஓட்டு இல்லை என்று முடிவானது. பிறகு யாரோ ஒருவர், பல்லுக்கு முன்பணம் கேட்டிருந்தால் சங்கம் கொடுத்திருக்காதா என்று வருத்தத்தோடு சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்தக் கனிவு எவரிஸ்தோவை அடியைவிட மோசமாகத் தாக்கியது. செயலர் ஒரு தட்டச்சுத் தாளை நாலாக மடித்து மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைப்பதை அவர் பார்த்தார். காஸ்பார் டியெட்ஸ் என்று பெயர் போட்டு, நீக்கம் என்று தலைப்பிட்ட தாள்.

"அதே தாள்," என்றார் எவரிஸ்தோ. "பேரை மட்டும் மாத்துங்க, ஒட்டிலியா அம்மா. குத்தம் ஒண்ணுதானே."

"உன்னை நீக்கிட்டா, அடுத்த வருஷம் அவனுங்க முன்னாடி யாரு போய்ப் பேசுறது? நானா?" என்றார் ஒட்டிலியா. "உட்காரு, எவரிஸ்தோ. எல்லாரையும் வெக்கப்பட வைக்காத."

அவர் உட்கார்ந்தார். தீர்ப்பில் அவர் தாத்தாவின் பெயருக்கும் பங்கு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தது எல்லோருக்கும் தெரியும். காஸ்பாரின் தாத்தா சங்கத்தில் சேர்ந்தது பதின்மூன்றாவது ஆளாக.

வெளியே வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. காஸ்பார் தன் பழைய லாரிக் கதவில் சாய்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். எவரிஸ்தோ போய் எதிரில் நின்றார். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் அவரிடம் நிறைய இருந்தன, எல்லாம் மேடைக்குச் செய்தவை.

"எதாவது சொல்லித் திட்டுய்யா," என்றார் கடைசியில்.

காஸ்பார் கொஞ்சம் யோசித்தார். "ஒரு மணி பத்து நிமிஷம் நின்னேன்," என்றார். "கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். நீ ரெண்டாம் பக்கத்துலயே சொல்லியிருக்கலாம்."

"தெரியும்."

"அந்த ஒரு மணி பத்து நிமிஷத்தை நீ எனக்குத் தரணும்."

எவரிஸ்தோ உடனே ஒப்புக்கொண்டார். என்ன வேலை சொன்னாலும் செய்கிறேன் என்றார்: வேலி, கிணறு, கொட்டகை, களை பிடுங்குவது. அடுத்த சனிக்கிழமை கையுறையோடு போனார். காஸ்பார் மாத்தே ஊற்றிக் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், இன்றைக்கு வேலை ஒன்றும் இல்லை என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை காற்று அதிகமாக இருந்ததாம். மூன்றாவது வாரம் எவரிஸ்தோ தானாகவே சம்மட்டியை எடுத்துச் சாய்ந்திருந்த ஒரு வேலிக்கம்பத்தை அடிக்கப் போனார். காஸ்பார் சத்தமில்லாமல் வந்து சம்மட்டியை வாங்கி, தானே நாலு அடி அடித்து நிமிர்த்திவிட்டு, இது கணக்கில் சேராது என்றார்.

விதைப்பு வந்தது, முடிந்தது. ஜூனில் ஒரு சனிக்கிழமை, வானத்தில் மேகமே இல்லாத நாள், எவரிஸ்தோ வழக்கம்போல் வாசலில் நின்று இன்றைக்காவது உண்டா என்று கேட்டார். காஸ்பார் வெளியே வந்து, குனிந்து, எலும்புபோல் காய்ந்து கிடந்த மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம், வாஸ்கோ," என்றார். "ஈரமா இருக்கு."